கருவறையின் காவல் வாயில்

“முதற் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தவறிவிட்டது, அடுத்ததும் ஆறாம் மாதத்தில் போய்விட்டது.” பெருமூச்சோடு கூறப்படும் இச்சொற்களைக் கேட்டிராத குடும்பம் நம்மிடையே அரிது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துயரம் ஒருபுறம் இருக்க, அவள்மீது சுமத்தப்படும் பழிச் சொற்கள் மற்றொருபுறம் அவளை வாட்டுகின்றன. மாடிப்படி ஏறினாள், தண்ணீர்க் குடம் தூக்கினாள், பப்பாளிப் பழம் தின்றாள், பெரியவர்களின் சொற்கேளாமல் வெளியூர் சென்றாள் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அவளும் அதனை நம்பி, தானே தன் குழந்தையைக் கொன்றுவிட்டதாக எண்ணித் தனிமையில் கண்ணீர் வடிப்பாள். உண்மையில் குற்றம் அவளுடையதுதானா? மருத்துவ அறிவியல் கூறும் விடை வேறு. இத்தகைய இழப்புகளுள் ஒரு பகுதிக்குக் காரணம் கருப்பையின் வாயிலில் இருக்கிறது. அவ்வாயிலின் நிலையை உரிய காலத்தில் அளந்தறியவும் இன்று வழியிருக்கிறது. அவ்வழி யாது என்பதனை இங்குக் காண்போம்.

சுருக்குப்பையும் கருப்பையும்

நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துப் பாருங்கள். கயிறு இறுக்கமாக இருக்கும்வரையில் உள்ளே இருக்கும் காசு விழாது. கயிறு தளர்ந்தால், பை எவ்வளவு நல்லதாக இருப்பினும் பயனில்லை. கருப்பையும் ஏறத்தாழ இத்தகையதே. அதன் கீழ்ப்பகுதி குறுகி, ஒரு சிறு குழாய்போல் பெண்குறி வழியின் மேல் முனையில் வந்து முடிகிறது. இதனையே கருப்பைக் கழுத்து என்கிறோம். இதற்கு இரண்டு வாய்கள் உண்டு. ஒன்று குழந்தை இருக்கும் பக்கம் திறக்கும் உள்வாய். மற்றொன்று கீழே திறக்கும் வெளிவாய். இரண்டிற்கும் இடைப்பட்ட தூரமே கழுத்தின் நீளம்.

கருவுற்ற நாள் முதல் இக்கழுத்து உறுதியாகவும் மூடியும் இருந்து குழந்தையைத் தாங்குகிறது. அதன் நடுவே கெட்டியான சளி போன்ற ஒரு பொருள் அடைத்துக்கொண்டு, கீழிருந்து நோய்க்கிருமிகள் ஏறாதபடி காவல் புரிகிறது. மாதம் நிறைந்ததும் கழுத்து மென்மையாகி, குறுகி, பின்னர் விரிந்து, குழந்தைக்கு வழிவிடுகிறது. இஃது இயற்கையின் ஒழுங்கு.

ஆனால், சிலருக்கு இந்நிகழ்ச்சி நான்காம் ஐந்தாம் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. வலி இராது, இரத்தமும் பெரும்பாலும் இராது. கழுத்து ஓசையின்றிக் குறுகிக்கொண்டே வரும். ஒருநாள் அடிவயிற்றில் ஏதோ பாரம்போல் தோன்றும். அல்லது திடீரெனப் பனிக்குடம் உடையும். மருத்துவமனைக்கு ஓடி வருவதற்குள் காலம் கடந்துவிடும். முந்தைய பிரசவத்தில் கழுத்தில் ஏற்பட்ட கிழிசல், அவ்விடத்தில் முன்பு செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சை, பிறவியிலேயே கருப்பை அமைப்பில் உள்ள குறை, கிருமித் தொற்று, இரட்டைக் கரு முதலியன இதற்குக் காரணமாகலாம். பலருக்குக் காரணம் ஒன்றும் புலப்படுவதில்லை. பப்பாளிப் பழம் தின்றதனாலோ, படியேறியதனாலோ கருப்பைக் கழுத்து குறுகிவிடுவதில்லை என்பதனை மாமியாரும் மருமகளும் ஒருங்கே அறிந்துகொள்வது நலம்.

நூற்றில் ஒருவருக்கா, பத்தில் ஒருவருக்கா?

கர்ப்ப காலம் நாற்பது வாரங்கள் என்று கணக்கிடுகிறோம். முப்பத்தேழு வாரம் நிறையுமுன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அதாவது, பத்துக் குழந்தைகளில் ஒன்று. இவர்களுள் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் மரணத்திற்கு முதற்காரணமாக விளங்குவதும் குறைமாதப் பிறப்பினால் வரும் கோளாறுகளே.

பிழைக்கும் குழந்தைகளிலும் சிலருக்கு மூச்சுக் கோளாறு, பார்வைக் குறை, கற்றலில் தாமதம் ஆகியன தொடர்கின்றன. குழந்தை கருவறையில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் அதற்குக் கிடைத்த வரப்பிரசாதம் என்றே கொள்ளலாம். ஆகவேதான், ‘முன்கூட்டியே அறிய இயலுமா?’ என்ற கேள்வி மருத்துவர்களை நெடுங்காலம் வருத்தி வந்தது.

ஒலியைக் கொண்டு காணும் கலை

விரலால் தொட்டுச் சோதிக்கும்போது கழுத்தின் வெளிவாய்தான் அகப்படும். ஆனால், கழுத்து குறுகுவது பெரும்பாலும் உள்வாயிலிருந்தே தொடங்குகிறது. வெளிக்கதவு மூடியிருக்க, உட்கதவு திறந்துகொண்டிருந்தால் வெளியே நிற்பவருக்கு எங்ஙனம் தெரியும்? இந்த இடர்ப்பாட்டைத் தீர்த்தது ஒலியலைச் சோதனையாகிய ‘ஸ்கேன்’.

மனிதச் செவிக்கு எட்டாத மிக நுண்ணிய ஒலியலைகளை உடலுக்குள் செலுத்தி, அவை எதிரொலித்துத் திரும்புவதைப் படமாக மாற்றும் முறை இது. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய இயன் டொனால்டு என்னும் மகப்பேறு மருத்துவர், கொதிகலன் தொழிற்சாலையில் இரும்பிலுள்ள வெடிப்புகளைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட ஒலியலைக் கருவியை மனித உடலுக்கும் பயன்படுத்தலாமே என்று எண்ணினார். ஜான் மக்விகார் என்னும் மருத்துவரும் டாம் பிரவுன் என்னும் பொறியாளரும் அவருக்குத் துணை நின்றனர். மூவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுரை 1958-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. இன்று உலகெங்கும் கர்ப்பிணிகள் காணும் ஸ்கேன் படத்திற்கு அதுவே தோற்றுவாய் எனலாம். எக்ஸ்-ரே கதிர் இதில் இல்லை என்பது நினைவில் இருக்கட்டும்.

கருப்பைக் கழுத்தின் நீளத்திற்கும் குறைப் பிரசவத்திற்கும் உள்ள தொடர்பை ஐயமற நிலைநாட்டிய பெரிய ஆய்வு 1996-இல் வெளியாயிற்று. அமெரிக்காவில் 2,915 கர்ப்பிணிகளுக்கு 24-ஆம் வாரத்தை ஒட்டி இவ்வளவு எடுக்கப்பட்டது. சராசரி நீளம் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை சென்டிமீட்டர். கழுத்து எவ்வளவுக்குக் குட்டையாக இருந்ததோ அவ்வளவுக்கு முன்கூட்டிப் பிரசவிக்கும் அபாயம் மிகுந்திருந்தது. அது முதல், 24 வாரத்திற்கு முன் 25 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் அதனைக் ‘குட்டையான கழுத்து’ என்று மருத்துவர்கள் கொள்கின்றனர்.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது?

இங்குதான் நம் பெண்கள் தயங்குகின்றனர். இச்சோதனையை வயிற்றின்மேல் கருவியை வைத்துச் செய்தால் அளவு சரியாக அமையாது. குழந்தையின் தலை மறைக்கும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது அழுத்திக் கழுத்தை உள்ளதைவிட நீளமாகக் காட்டும். ஆகவே, மெல்லிய கோல் போன்ற ஒரு கருவியைத் தூய உறையிட்டுப் பெண்குறி வழியே சிறிதளவு செலுத்திப் பார்ப்பதே நம்பத்தக்க முறை.

இதனைக் கேட்டவுடனேயே, “அம்மாடி, வேண்டாம்! குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும்” என்று மறுத்துவிடுவோர் உளர். அச்சம் வேண்டுவதில்லை. கருவி கருப்பைக்குள் செல்வதில்லை, குழந்தையைத் தொடுவதுமில்லை, இதனால் கருச்சிதைவு நேர்வதில்லை. சிறுநீர் கழித்துவிட்டுப் படுத்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வலி பெரும்பாலும் இராது. சற்றுக் கூச்சமே இருக்கும். பெண் மருத்துவரே செய்ய வேண்டும் என்று கேட்கவும், உடன் ஒரு பெண் துணை நிற்க வேண்டும் என்று கோரவும் கர்ப்பிணிக்கு உரிமை உண்டு. பனிக்குடம் உடைந்ததாக ஐயமிருந்தால் அதனைச் சோதனைக்கு முன்னரே சொல்லிவிட வேண்டும்.

மருத்துவர் கருவியை அழுத்தாமல் பிடித்து, உள்வாயிலிருந்து வெளிவாய் வரையில் உள்ள தூரத்தை மும்முறை அளப்பார். அவற்றுள் மிகக் குறைந்ததைக் கணக்கில் கொள்வார். உள்வாய் மூடியிருந்தால் படத்தில் ஆங்கில எழுத்து ‘டி’ போலத் தெரியும். திறக்கத் தொடங்கினால் ‘ஒய்’ போலவும், மேலும் விரிந்தால் ‘வி’ போலவும், முடிவில் ‘யு’ போலவும் மாறும்.

இதற்கு உகந்த காலம் எது? குழந்தையின் உறுப்புகள் சரியாக வளர்ந்துள்ளனவா என்று பார்க்க 18 முதல் 22 வாரத்திற்குள் ஒரு ஸ்கேன் எடுப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அதே வேளையில் இவ்வளவையும் எடுத்துவிடலாம். முன்பு குறைமாதத்தில் பிரசவித்தவர்களுக்கும், நடுமாதங்களில் கருவை இழந்தவர்களுக்கும் 16-ஆம் வாரம் முதல் 24-ஆம் வாரம் வரையில் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை அளந்து பார்ப்பது வழக்கம். கர்ப்பிணிகள் அனைவருக்கும் இச்சோதனை வேண்டுமா, அபாயம் உள்ளவர்களுக்கு மட்டும் போதுமா என்பதில் உலக மருத்துவர்களிடையே இன்னும் முழு உடன்பாடு ஏற்படவில்லை. முன் இழப்பு உடையவர்களுக்கு அவசியம் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை.

மருந்தும் தையலும்

கழுத்து குட்டையாக இருப்பதைக் கண்டறிந்தால் போதுமா? தடுக்க வழி உண்டா? உண்டு. முதலாவது, புரோஜெஸ்டிரோன் என்னும் மருந்து. கர்ப்பத்தைக் காக்கும் பொருட்டு உடலில் இயல்பாகவே சுரக்கும் பொருள்தான் இது. இதனை மாத்திரையாக இரவுதோறும் பெண்குறி வழியில் வைத்துக்கொள்ளச் செய்வர். 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கழுத்து 15 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாக இருந்த 250 பெண்களில் ஒரு பகுதியினருக்கு இம்மருந்தும் மறுபகுதியினருக்கு வெறும் மாத்திரையும் தரப்பட்டன. 34 வாரத்திற்கு முன் தானாகப் பிரசவித்தோர் வெறும் மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 34 பேர்; மருந்து பெற்றவர்களிலோ நூற்றுக்கு 19 பேர். 2011-இல் வெளியான மற்றோர் ஆய்வும் இவ்வாறே நற்பயனைக் காட்டியது. ஊசி மூலம் தரப்பட்ட வேறொரு வகைப் புரோஜெஸ்டிரோன் மருந்தோ, பயன் நிறுவப்படாமையால் 2023-இல் அமெரிக்காவில் விலக்கிக்கொள்ளப்பட்டது. எனவே, பக்கத்து வீட்டாருக்குத் தந்த மருந்தையே நாமும் வாங்கிக்கொள்வது அறிவுடைமையன்று. எந்த மருந்து, எவ்வளவு, எதுவரையில் என்பதனை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, தையல். இதன் வரலாற்றில் நாம் பெருமை கொள்ளத்தக்க ஒரு செய்தி உண்டு. கோவாவின் சிரோடா என்னும் ஊரில் 1899-இல் பிறந்து, பம்பாயில் மகப்பேறு மருத்துவராகப் புகழ்பெற்றவர் வித்தல் நாகேஷ் சிரோட்கர். நான்காம் மாதத்திற்கும் ஏழாம் மாதத்திற்கும் இடையில் மீண்டும் மீண்டும் கருவை இழந்த பெண்களைக் கண்டு அவர் சிந்தித்தார். பையின் வாய் தளர்ந்தால் கயிற்றை இறுக்குவதுதானே முறை? அப்பெண்ணின் தொடையிலிருந்தே எடுத்த ஒரு சிறு தசையுறைப் பட்டையைக் கருப்பைக் கழுத்தைச் சுற்றி நுழைத்து, சுருக்குப்பையைக் கட்டுவதுபோல் இறுக்கிக் கட்டினார். அம்முறையை அவர் உலகிற்கு அறிவித்தது இலண்டன் இதழில் அன்று. 1955-இல், நம் சென்னையிலிருந்து வெளிவந்த ‘ஆன்டிசெப்டிக்’ என்னும் மருத்துவ இதழில்! அவர் 1971-இல் மறைந்தார். அவர் பெயரால் ‘சிரோட்கர் தையல்’ என்று இன்றும் உலக மருத்துவ நூல்கள் அதனைப் போற்றுகின்றன. 1957-இல் ஆஸ்திரேலியாவின் மக்டொனால்டு என்பவர் இன்னும் எளிய தையல் முறை ஒன்றை வெளியிட்டார். இன்று பெரிதும் வழங்குவது அதுவே.

முதுகில் ஊசியிட்டு உணர்விழக்கச் செய்து குறுகிய நேரத்தில் தையல் போட்டுவிடுவர். 36 அல்லது 37-ஆம் வாரத்தில் அதனை எடுத்துவிடுவர். பின்னர் இயல்பான பிரசவத்திற்கு இது தடையாவதில்லை. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: தையல் போட்டிருக்கும் பெண்ணுக்கு வலியோ, நீர்க்கசிவோ, இரத்தப்போக்கோ தோன்றினால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. தையலை எடுக்காமல் வலி முற்றவிட்டால் கழுத்து கிழியக்கூடும்.

தையல் எல்லாருக்கும் ஏற்றதன்று. முன்பு குறைமாதத்தில் பிரசவித்து, இப்போதும் கழுத்து 25 மில்லிமீட்டருக்குக் குறைந்திருப்போர்க்கு அது நற்பயன் தருகிறது. இரட்டைக் கரு உள்ளவர்களுக்குக் கழுத்து குட்டை என்ற ஒரே காரணத்திற்காகத் தையல் போடுவது நன்மை தருவதாக மெய்ப்பிக்கப்படவில்லை.

படுக்கையே மருந்தாகுமா?

“கழுத்து குட்டை என்றார் டாக்டர், இனிப் பிரசவம்வரையில் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது” என்று கட்டளையிடுவது நம் வீடுகளில் வழக்கம். அன்பினால் எழும் கட்டளைதான் அது. ஆயினும், முழுநேரப் படுக்கை குறைப் பிரசவத்தைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. அதற்கு மாறாக, நெடுநாள் அசையாது கிடப்பதால் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைதல், தசை தளர்தல், மனச்சோர்வு ஆகிய தீங்குகள் நேரலாம். கடும் உழைப்பைத் தவிர்ப்பது நன்று. மருத்துவர் விலக்கியவற்றை விலக்குவதும் நன்று. ஆனால், வீட்டுக்குள் நடமாடுவதும், தன் வேலைகளைத் தானே செய்துகொள்வதும் குற்றமாகா.

அளவு ஓர் எச்சரிக்கையே

எண் ஒன்றைக் கேட்டதும் கலங்கிவிடுதல் மனித இயல்பு. முன்னர்க் கூறிய 1996-ஆம் ஆண்டு ஆய்விலேயே இதற்கு ஆறுதல் உண்டு. 25 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமாக இருந்த பெண்களில் 35 வாரத்திற்கு முன் பிரசவித்தோர் நூற்றுக்கு 18 பேர் மட்டுமே. எஞ்சிய 82 பேர் அக்காலத்தைக் கடந்து பிள்ளை பெற்றனர். அதே வேளையில், அளவு நன்றாக இருந்தவர்களிலும் சிலர் முன்கூட்டிப் பிரசவித்தனர். ஆகவே, அளவு குறைந்தால் நம்பிக்கை இழத்தலும், அளவு நிறைந்தால் அலட்சியமாக இருத்தலும் இரண்டுமே தவறு.

அடிவயிற்றில் பாரம், விட்டுவிட்டு வயிறு இறுகுதல், ஓயாத இடுப்புவலி, நீர்போன்ற கசிவு, இரத்தக் கறை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், ஸ்கேன் என்ன சொல்லியிருந்தாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குறைமாதப் பிரசவம் நெருங்கிவிட்டது என்று தெரிந்தால், குழந்தையின் நுரையீரல் வலுப்பெறத் தாய்க்குத் தரும் ஊசி மருந்து ஒன்று உண்டு. அதன் பயனை நியூசிலாந்து மருத்துவர்கள் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் 1972-இலேயே எடுத்துக்காட்டினர். அம்மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும். விரைந்து வந்தவர்க்கே அது முழுமையாகப் பயன்படும்.

ஒரு தவறான கேள்வி

ஸ்கேன் அறைக்குள் சென்றதும், “ஆணா, பெண்ணா?” என்று கேட்கத் துடிக்கும் நாவுகள் இன்னும் உள்ளன. கருவிலிருக்கும் குழந்தையின் பாலை வெளிப்படுத்துவது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் குற்றம். கேட்பவரும் சொல்பவரும் தண்டனைக்கு உரியவர்கள். ஓர் உயிரைக் காக்கக் கிடைத்த கருவியை, அவ்வுயிரை எடைபோடுவதற்குப் பயன்படுத்துதல் எவ்வளவு பெரிய கொடுமை! நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “டாக்டர், குழந்தை நலமா? கழுத்தின் நீளம் எவ்வளவு?”

குடும்பத்தாருக்குச் சில சொற்கள்

கணவன்மார்களே! முன்பு உங்கள் மனைவி ஐந்தாறு மாதத்தில் கருவை இழந்திருந்தால், அடுத்த முறை கருவுற்ற மூன்றாம் மாதத்திலேயே அச்செய்தியை மருத்துவரிடம் சொல்லுங்கள். எத்தனையாம் வாரம், வலி வந்ததா, பனிக்குடம் முதலில் உடைந்ததா என்பவற்றை மறைக்காமல் கூறுங்கள். பழைய மருத்துவச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். சோதனை நாளன்று அவளோடு செல்லுங்கள்.

மாமியார்மார்களே, தாய்மார்களே! உங்கள் அனுபவம் பெரிது. ஆனால், கருப்பைக் கழுத்து குறுகுவதை அனுபவக் கண்ணால் காண முடியாது. “எங்கள் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?” என்று கேட்குமுன், உங்கள் காலத்தில் காரணம் தெரியாமல் மறைந்த சிசுக்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். மருமகளின் கூச்சத்தைப் போக்கி, அவள் கையைப் பிடித்து அழைத்துச் செல்பவராக நீங்களே இருக்கலாம்.

குழந்தையை இழந்த சகோதரியே! அது உன் குற்றமன்று. நீ நடந்ததனாலோ, உண்டதனாலோ, அழுததனாலோ அப்பிள்ளை போகவில்லை. உனக்குத் தெரியாமல், எவருக்கும் தெரியாமல், ஒரு சிறு வாயில் காலமல்லாத காலத்தில் திறந்துகொண்டது. அடுத்த முறை அவ்வாயிலைக் கண்காணிக்கவும், தேவையானால் மருந்தாலோ தையலாலோ காக்கவும் வழியிருக்கிறது. பதினாறாம் வாரம் பிறந்ததும் மருத்துவரிடம் செல், கேட்கத் தயங்காதே.